வெள்ளத்தை வேடிக்கை பார்ப்பது ஏன்? அழகும் உன்னதமும்: ஒரு விளக்கம்

புயல் கரையை நெருங்குகிறது என்று அறிவிப்பு வந்ததும் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கும். போலீஸ் கடற்கரையில் தடுப்பு வைக்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம் வந்து நிற்கும். கையில் குடை, குடையைத் திருப்பிப் போடும் காற்று, தோளில் குழந்தை. ஆற்றில் வெள்ளம் என்றால் அதே கூட்டம் பாலத்தின் மேல். ‘ஆபத்தை உணராமல் குவிந்த மக்கள்’ என்று தொலைக்காட்சியில் தலைப்பு ஓடும். அந்தத் தலைப்பில் ஒரு பிழை உண்டு. வந்தவர்கள் ஆபத்தை உணர்ந்ததால்தான் வந்திருக்கிறார்கள். ஆறு சாதுவாகக் கிடக்கும் நாளில் அந்தப் பாலத்தில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

அப்படியானால் அங்கே கிடைக்கும் இன்பத்துக்கு என்ன பெயர்? சேறும் முறிந்த மரமும் புரண்டு வரும் தண்ணீரை அழகு என்று சொல்ல வாய் வராது. அசிங்கம் என்றும் சொல்ல முடியாது. கண்ணை எடுக்கவும் முடியாது.

1746 ஜனவரியில் டப்ளின் நகரத்தில் லிஃபி ஆறு கரை மீறி வீடுகளைச் சூழ்ந்தது. ஆற்றோர வீடு ஒன்றில் மாட்டிக்கொண்ட கல்லூரி மாணவன் ஒருவன் நண்பனுக்குக் கடிதம் எழுதினான். பயங்கரமான இந்தப் பெருங்காட்சிகளில் இயற்கையைப் பார்ப்பது தனக்கு இன்பமாக இருக்கிறது, மனம் பெரிய எண்ணங்களால் நிறைகிறது என்றான். பதினொரு வருஷம் கழித்து, 1757இல், அந்த இன்பம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முழுப் புத்தகமே எழுதிவிட்டான். மாணவனின் பெயர் எட்மண்ட் பர்க். அழகும் உன்னதமும் ஒரே பொருளின் சின்ன அளவும் பெரிய அளவும் அல்ல, இரண்டுக்கும் வேரே வேறு என்பது அந்தப் புத்தகத்தின் வாதம்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

ஆங்கிலத்தில் ‘சப்லைம்’ என்கிறார்கள். லத்தீன் மூலத்தில் அதற்கு உயரத்தில் இருப்பது, மேலே தூக்கப்பட்டது என்று பொருள். தமிழ் விமர்சனத்தில் ‘உன்னதம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அதில் உயரம் இருக்கிறது, பயம் இல்லை. உன்னதமான மனிதர், உன்னதமான சேவை என்று இரங்கல் கூட்டங்களில் தேய்ந்துபோன சொல். ‘பேரழகு’ இன்னும் மோசம். அழகுக்கு முன்னால் ஒரு ‘பேர்’ போட்டால் வந்துவிடுகிற விஷயம் இல்லை இது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் கிட்டத்தட்ட பக்கத்தில் வரும் சொல் ஒன்று இருக்கிறது: மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது நூற்பா. அதற்குக் கொடுத்திருக்கும் அடைமொழி ‘மதிமை சாலா’, அதாவது அறிவின் பிடிக்குள் அடங்காத. ஆனால் அங்கே அச்சம் தனி மெய்ப்பாடு. பர்க் பேசுவது மருட்கையும் அச்சமும் முடிச்சுப் போட்டுக்கொண்ட நிலை. ஆகவே வேறு வழியில்லாமல் ‘உன்னதம்’ என்றே வைத்துக்கொள்கிறேன். அதில் பயத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பேச்சிலிருந்து மலைக்கு

உன்னதம் முதலில் இயற்கையைப் பற்றிய சொல்லே இல்லை. பேச்சைப் பற்றியது. கிரேக்க மொழியில் ஒரு பழைய அலங்கார நூல் இருக்கிறது. எழுதியவர் லாங்கினஸ் என்று சொல்வது வழக்கம், ஆள் யார் என்பது உறுதியில்லை. நல்ல பேச்சு கேட்பவரை ஒப்புக்கொள்ள வைக்கும், உன்னதமான பேச்சு அவரைத் தூக்கிக்கொண்டே போய்விடும், இடி விழுந்த மாதிரி என்கிறது அது. 1674இல் புவாலோ அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகு ஐரோப்பா முழுக்கப் பேச்சாயிற்று.

அதே காலத்தில் ஆங்கிலேயப் பணக்கார இளைஞர்கள் இத்தாலிக்குப் போக ஆல்ப்ஸ் மலையைக் கடக்க ஆரம்பித்திருந்தார்கள். மலை அதுவரை பெரும்பாலும் ஒரு தொல்லை. தாமஸ் பர்னெட் 1681இல் எழுதியபடி, கடவுள் வழவழப்பாகப் படைத்த பூமியை ஊழிவெள்ளம் சிதைத்ததன் இடிபாடுதான் மலைகள். ஆனால் 1688இல் ஆல்ப்ஸைக் கடந்த ஜான் டென்னிஸ், பள்ளத்தின் ஓரத்தில் நடந்தபோது இனிமையான திகிலும் பயங்கரமான மகிழ்ச்சியும் ஒன்றாக வந்ததாக எழுதினார். இப்படி ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களை ஒட்டவைத்தால்தான் சொல்ல முடிகிறது என்பதே புதிய ஏதோ ஒன்று பிடிபட்டதற்கு அடையாளம். 1712இல் ஜோசஃப் அடிசன் பிரமாண்டம், புதுமை, அழகு என்று கற்பனை இன்பங்களை மூன்றாகப் பிரித்தார். பர்க் வந்து இறங்கியது இந்த இடத்தில்.

பர்க்: பயம், ஆனால் பத்திரமான தூரத்தில்

பர்க்கின் அடித்தளம் எளிது. மனிதனுக்குள் இரண்டு பெரிய உந்துதல்கள் உண்டு. ஒன்று, உயிரைக் காப்பாற்றிக்கொள்வது; அதன் பக்கம் வலியும் ஆபத்தும் மரணமும் நிற்கின்றன. இன்னொன்று, பிறரோடு சேர்வது. அதன் பக்கம் அன்பு. முதலாவதிலிருந்து உன்னதம், இரண்டாவதிலிருந்து அழகு.

ஆபத்து எப்படி இன்பமாகும்? ரொம்பக் கிட்டே வந்தால் ஆகாது, அது வெறும் பயங்கரம் என்கிறார். ஒரு தூரத்தில் நின்றால் ஆகும். இந்த இன்பத்துக்குத் தனிப் பெயர் கொடுத்து, சாதாரண இன்பத்தோடு குழப்பக் கூடாது என்று எச்சரிக்கிறார். தமிழில் அதை ‘அப்பாடா’ என்று சொல்லலாம். சாலையில் லாரி ஒன்று உரசிக்கொண்டு போனதும் வருகிற அப்பாடா. அப்போது சிரிப்பு வருவதில்லை. ஒரு அமைதி வருகிறது, அதன் மேல் திகிலின் நிழல் படிந்திருக்கிறது.

எவையெல்லாம் உன்னதத்தை எழுப்பும் என்று நீளமான பட்டியல் போடுகிறார். முக்கியமானவை:

1. தெளிவின்மை. எதைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அதன் முழு அளவும் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பேய்க்கதைகள் இருட்டில் நடப்பது இதனால்தான். தெளிவான எண்ணம் என்பது சின்ன எண்ணத்தின் மறுபெயர் என்று ஒரு போடு போடுகிறார். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

2. ஆற்றல். உழவு மாட்டுக்கும் பலம் உண்டு, பொலிகாளைக்கும் பலம் உண்டு. உழவு மாடு நமக்குப் பயன்படுகிறது, நம் சொல் கேட்கிறது, ஆகவே அதைப் பார்த்து யாரும் பிரமிப்பதில்லை. காளையின் பலம் நம் கணக்குக்குள் வராது. பயன் வந்தால் உன்னதம் போய்விடும். நாய்க்கும் ஓநாய்க்கும் உள்ள வித்தியாசமும் இதே.

3. இல்லாமை. வெறுமை, இருட்டு, தனிமை, மௌனம். இவை எல்லாமே பெரியவை, ஏனென்றால் எல்லாமே பயங்கரமானவை.

4. அளவும் முடிவின்மையும். நிமிர்ந்து பார்க்கும் உயரத்தைவிடக் குனிந்து பார்க்கும் பள்ளம் அதிகமாக உலுக்கும் என்று அவருக்குத் தோன்றுகிறது. மாறாமல் திரும்பத் திரும்ப வருவதும் முடிவின்மையின் மயக்கத்தைத் தரும்: கொல்லன் பட்டறைச் சம்மட்டி நின்ற பிறகும் காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும் இல்லையா, அது போல. மிகமிகச் சிறியதும் ஓரளவு உன்னதம்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி. தொல்காப்பியம் சிறுமையையும் மருட்கையில் வைத்தது நினைவுக்கு வரும்.

அழகின் பக்கம் பட்டியல் நேர் எதிர். சிறியது, வழவழப்பானது, மெல்ல மெல்ல வளைவது, மென்மையானது, கண்ணை அடிக்காத நிறம் கொண்டது. அன்புக்குரியதைச் சிறுமைப் பெயரால் அழைப்பது பெரும்பாலான மொழிகளில் உண்டு என்று சாட்சி சொல்கிறார். செல்லக்குட்டி, தங்கக்குட்டி என்று கொஞ்சும் நமக்கு இதில் சந்தேகம் வராது. அளவுப் பொருத்தம்தான் அழகு, பயனுக்கு ஏற்ற வடிவம்தான் அழகு என்ற பழைய கொள்கைகளை ஒரு பன்றியைக் காட்டியே உடைக்கிறார். மண்ணைக் கிளறுவதற்குப் பன்றியின் மூக்கைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா? அதை யாராவது அழகு என்பார்களா?

அடுத்து உடம்புக்குப் போகிறார். அழகானதைப் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கவனியுங்கள் என்கிறார்: தலை லேசாக ஒரு பக்கம் சாய்கிறது, இமைகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்கின்றன, வாய் சற்றுத் திறக்கிறது, மூச்சு மெதுவாகிறது, நடுவில் ஒரு பெருமூச்சு, கைகள் பக்கவாட்டில் தளர்ந்து விழுகின்றன. அழகு நரம்புகளைத் தளர்த்துகிறது, உன்னதம் அவற்றை முறுக்குகிறது. இன்றைய உடலியல் இதை இப்படியே ஏற்காது. ஆனாலும் தூங்கும் குழந்தையைப் பார்த்து நிற்கும் ஒருவரைப் பார்த்தவர்களுக்கு, அந்த வர்ணனையில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

கடைசியாக அவருடைய குரூரமான உதாரணம். ஊரிலேயே சிறந்த நடிகர்களை வைத்து மிகச் சிறந்த சோக நாடகம் போடுங்கள். இசை, ஓவியம், செலவு எதிலும் குறை வைக்காதீர்கள். திரை விலகப்போகும் நேரத்தில், பக்கத்துச் சதுக்கத்தில் ஒரு பெரிய மனிதருக்கு மரண தண்டனை நிறைவேறப்போகிறது என்று சொல்லிப் பாருங்கள். நொடியில் அரங்கம் காலி. கற்பனை மிகை என்று தள்ள முடியாது. 1747 ஏப்ரலில் லண்டனில் லார்ட் லோவட்டின் தலை வெட்டப்படுவதைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில், வேடிக்கை பார்க்கக் கட்டிய மரப் பரண் ஒன்று சரிந்து பலர் செத்தார்கள். தூரம் என்று நம்பியது தூரமாக இல்லை.

காண்ட்: உன்னதம் மலையில் இல்லை

கோனிக்ஸ்பர்க் நகரத்தைவிட்டு அதிக தூரம் போகாத ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட், ஆல்ப்ஸைக் கண்ணால் பார்க்காமலே, 1790இல் வெளியான தம் மூன்றாவது விமர்சன நூலில் இந்த விவாதத்தைத் திருப்பிப் போட்டார். பர்க் மனித உணர்ச்சிகளை நன்றாக வர்ணித்திருக்கிறார், ஆனால் வர்ணனை விளக்கமாகிவிடாது என்பது காண்ட் சொன்ன குறை.

அழகைப் பற்றி அவர் சொன்னதில் இரண்டு இங்கே போதும். முதலாவது, பற்றில்லாத ரசனை. ஓர் அரண்மனையைக் காட்டி அழகாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஊர்ப் பணத்தை இப்படி வீணடிக்கலாமா என்று ஒருவர் கோபப்படலாம். பாரிஸ் நகரத்தில் சாப்பாட்டுக் கடைகளைத் தவிர வேறு எதுவும் பிடிக்கவில்லை என்ற இரோக்குவா (வட அமெரிக்கப் பூர்வகுடி) தலைவரைப் போல இன்னொருவர் பேசலாம். இரண்டும் நியாயமான பேச்சு, இரண்டும் கேள்விக்குப் பதில் இல்லை. அந்தப் பொருள் எனக்கு வேண்டுமா, அது இருப்பது நல்லதா என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு வெறுமனே பார்ப்பதில் வரும் இன்பமே அழகு. இரண்டாவது, அது எல்லாருக்குமாகப் பேசும். ஒரு பானம் ‘எனக்குப் பிடிக்கும்’ என்று சொன்னால் பேச்சு முடிந்தது. ஒரு பூவை ‘எனக்கு மட்டும் அழகு’ என்று யாரும் சொல்வதில்லை. நிரூபிக்க முடியாது என்று தெரிந்தும், நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

உன்னதத்தை இரண்டாகப் பிரித்தார். அளவால் வருவது ஒன்று, ஆற்றலால் வருவது ஒன்று. அளவால் வருவது நடக்கும் விதம் இது:

1. ஒரு மரத்தை மனிதனின் உயரத்தால் அளக்கிறோம். மலையை மரத்தால், பூமியை மலையால், கோள்களின் மண்டலத்தைப் பூமியால், பால்வீதியை அந்த மண்டலத்தால். எண்ணிக்கொண்டே போகலாம், எண்ணுக்கு முடிவில்லை.

2. ஆனால் எண்ணியதை எல்லாம் ஒரே பார்வையில் சேர்த்துப் பிடிக்கக் கற்பனைக்குச் சக்தி போதாது. பிரமிடை ரொம்பத் தள்ளி நின்று பார்த்தால் வெறும் முக்கோணம். ரொம்பக் கிட்டே போனால், கண் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடியில் பார்த்த கல் மறந்துவிடுகிறது. நடுவில் ஒரு தூரம் இருக்கிறது, அங்கேதான் அது ஆளை அசத்தும்.

3. கற்பனை தோற்கும் இடத்தில் வலிக்கிறது. அதே நொடியில், ‘முழுசாக ஒன்று வேண்டும்’ என்று கேட்டது யார் என்ற கேள்வி எழுகிறது. கேட்டது நம் பகுத்தறிவு. கண்ணுக்கு எட்டாத முடிவின்மையை அது எண்ணிப் பார்த்துவிட்டது. வலியின் வழியே வரும் இன்பம் இதுதான்.

ஆற்றல் வகையில் புயல், எரிமலை, கொந்தளிக்கும் கடல், பெரிய அருவி. இவற்றின் முன்னால் உடம்பு தூசு. ஆனால் பத்திரமான இடத்தில் நிற்கும்போது, உடம்பு தோற்றாலும் தோற்காத ஒன்று நமக்குள் இருப்பது தெரியவருகிறது என்கிறார். உயிரும் சொத்தும் போகும் என்றாலும் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அது. ஆகவே கொந்தளிக்கும் கடல் உன்னதமல்ல, அது கோரம். உன்னதம் பார்ப்பவரின் மனத்தில் இருக்கிறது. அதைக் கடல் மேல் ஏற்றிச் சொல்வது நம் பழக்கம்.

இருவரும் பிரியும் இடம் இதுதான். பர்க்குக்கு உன்னதம் நரம்பில், காண்டுக்கு ஒழுக்கத்தில். இருவரும் சேரும் இடமும் ஒன்று உண்டு: பத்திரமான தூரம். அது இல்லாவிட்டால் இரண்டு கட்டிடமும் விழுந்துவிடும்.

தூரம் யாருக்குக் கிடைக்கிறது?

மோன் பிளாங் சிகரத்தில் 1787இல் ஏறிய சோசூர் என்ற அறிஞர் சொன்ன ஒரு சவாய் நாட்டு விவசாயியைக் காண்ட் தம் நூலில் கொண்டுவருகிறார். பனிமலையை ரசிக்க வருகிறவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்றான் அந்த ஆள். பண்பாட்டுப் பயிற்சி இல்லாதவனுக்கு உன்னதம் வெறும் பயங்கரமாகவே தெரியும் என்பதற்கு அவன் உதாரணமாகிறான். எனக்கு அந்த விவசாயி பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பனிச்சரிவு வந்தால் போவது அவன் வீடும் அவன் மாடும். சோசூர் இறங்கி ஊருக்குப் போய்விடுவார். பாலத்தில் வெள்ளம் பார்க்கும் கூட்டத்துக்கும், அந்தத் தண்ணீர் போய் இறங்கும் தாழ்வான தெருவில் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அதுவே.

இந்தக் கொள்கைகளில் வேறு கறைகளும் உண்டு. சிறுமையும் பலவீனமும்தான் அழகு என்றால், பெண்கள் தத்தித் தத்தி நடந்து மழலை பேசுவதே கடமை என்றாகிவிடாதா என்று 1790இல் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் பர்க்கை நேரடியாகக் கேட்டார். இருட்டு இயல்பிலேயே பயங்கரம் என்பதற்கு, பிறவியிலேயே பார்வையின்றி இருந்து பிற்பாடு பார்வை பெற்ற ஒரு சிறுவன் கறுப்பினப் பெண்ணைக் கண்டு மிரண்டதாக ஒரே ஒரு கதையை பர்க் ஆதாரமாக வைத்தார். காண்டின் 1764ஆம் ஆண்டு நூலில் உள்ள இனவாத வரிகளைப் படித்தால், எல்லாருக்குமான ரசனை என்று அவர் பிற்பாடு சொன்னதில் அந்த ‘எல்லாரும்’ யார் என்ற சந்தேகம் வரும்.

பயம் கட்டாயமா என்பதிலும் இன்று மறுப்பு இருக்கிறது. டேக்கர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்ற உளவியலாளர்கள் 2003இல் பிரமிப்பை வரையறுத்தபோது இரண்டையே அடிப்படை என்றார்கள்: எதிரே இருப்பது நம்மைவிடப் பெரிதாகத் தோன்ற வேண்டும், அதை உள்ளே வாங்க நம் மனச்சட்டகம் மாறியாக வேண்டும். அச்சுறுத்தல் சேர்ந்தால் அது ஒரு சுவை, சேராவிட்டாலும் பிரமிப்பு பிரமிப்புதான். வெள்ளக் காட்சிகளைக் கைபேசியில் பார்க்கும் நமக்கு வேறொரு சிக்கல். தூரம் அளவுக்கு மீறிக் கிடைத்துவிட்டது, பிரமிடைத் தொலைவில் நின்று முக்கோணமாகப் பார்த்தவர் கதைதான்.

ஆற்காட்டுக் கடனும் ஏரிகளும்

பர்க் பிற்பாடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1785 பிப்ரவரி 28 அன்று அவர் பேசியது ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி. நவாப் முகமது அலி, மதராஸிலிருந்த கம்பெனி ஆட்களிடம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட கடனை, எந்த விசாரணையும் இல்லாமல் கர்நாடகப் பகுதியின் வரிப் பணத்திலிருந்து கொடுக்க அரசு உத்தரவிட்டிருந்தது. இங்கே கர்நாடகம் என்பது இன்றைய வட தமிழகமும் அதைச் சுற்றிய சீமையும். 1780இல் ஹைதர் அலியின் படை அதன் மேல் இறங்கியதை பர்க் வர்ணித்தார். அடிவானத்தைக் கறுப்பாக்கி மலைச்சரிவில் தொங்கிய மேகம் திடீரென வெடித்துச் சமவெளியில் கொட்டியது. அதன் பிறகு பிரிட்டிஷ் படைகள் நூற்றுக்கணக்கான மைல் நடந்தும் ஓர் ஆணை, ஒரு பெண்ணை, ஒரு குழந்தையை, ஒரு நாற்கால் பிராணியைக்கூடப் பார்க்கவில்லை. தேசம் முழுக்க ஒரே சீரான மௌனம். இருட்டு, திடீர்த்தன்மை, வெறுமை, மௌனம்: இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் போட்ட பட்டியல் அப்படியே வருகிறது. தஞ்சையில் பசியால் செத்தவர்களைச் சொல்ல வந்தபோது நிறுத்திக்கொண்டார். இதற்கு மேல் திரை போட்டுவிடுகிறேன், மீதியை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள் என்றார். தெளிவின்மை பற்றிய அவருடைய முதல் விதி அது.

இந்தியாவுக்கு ஒருநாளும் வராதவர், லண்டன் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம் ஊர் அழிவை உன்னதக் காட்சியாக்கிவிட்டார் என்று குற்றம் சொல்ல இடமிருக்கிறது. ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. அடுத்து, தேம்ஸ் நதியிலிருந்து டிரென்ட் நதி வரை உங்கள் இங்கிலாந்தே இப்படிக் குடல் உருவிக் கிடப்பதாக எண்ணிப் பாருங்கள் என்றார். பத்திரமான தூரத்தை அவரே பிடுங்கிப் போட்டார்.

அதன் பிறகு அவர் பேசியது ஏரிகளைப் பற்றி. மண்ணாலும் கல்லாலும் ஆன கரைகள், கட்டுவேலை செய்த மதகுகள், பராமரிக்க ஆகும் செலவு. கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாமல் இருக்கும் என்றார். சபையில் வைத்த வரைபடம் ஒன்றில் மட்டும் தாமே உட்கார்ந்து எண்ணியிருந்தார்: 1,100க்கு மேல், இரண்டு மூன்று ஏக்கர் முதல் ஐந்து மைல் சுற்றளவு வரை. தெளிவான எண்ணம் சின்ன எண்ணம் என்று எழுதியவர், நேரில் பார்க்காத ஊரின் ஏரிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் படித்தார். பேச்சு முடிந்ததும் அமைச்சர்கள் பதில் சொல்ல எழவில்லை. அந்தக் கடன் உத்தரவு தொடர்பாக எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானம் தோற்றது.